அறுபது விநாடி

மூன்று மணிக்கே பேட்டரி செத்துவிடுகிறது என்று
பிடோக்கிலிருந்து எழுதியிருந்தார் ரிட்ஸ்வான்,
சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறவர்.

ஐந்து விநாடிக்கு ஒருமுறை
எங்கே இருக்கிறாய் எங்கே இருக்கிறாய் என்று
அவர் சட்டைப்பையைக் குடைந்துகொண்டிருந்தது
நான் எழுதிய ஓர் எண்.

ஐந்தை அழித்து அறுபது ஆக்கினேன்.
ஐம்பது மீட்டர் நகராவிட்டால்
கேட்கவே வேண்டாம் என்று இன்னொரு வரி.

மறுநாள் வரைபடத்தில்
நீர்த்தேக்கத்தின் ஒரு மூலையை
வெட்டிக்கொண்டு போனார்.
"தண்ணீர்மேல் சைக்கிளா?" என்றாள் ஷூ டிங், என் மேலாளர்.
அவர் கரையோரமாகத்தான் போயிருப்பார்,
இரண்டு புள்ளிக்கு நடுவே
கோடு கிழிப்பது நாம்தான் என்றேன்.

பிறகு பதினோரு நிமிடம்
ஒரு புளோக்கின் அடியில் அசையாத புள்ளி.
இங்கே கண்ணாடிக்கு வெளியே மழை.
அங்கே வாய்ட் டெக்கில்
காலுறையைப் பிழிந்துகொண்டிருக்கலாம்.
யாரிடமாவது போனில் சிரித்துக்கொண்டிருக்கலாம்.
சும்மாவும் நிற்கலாம்.
பழைய எண் இருந்திருந்தால்
எந்தத் தூணருகே என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

மாலை ஆறரை.
அவர் பேட்டரியில் பதினெட்டு விழுக்காடு.

ஷூ டிங் இருபது விநாடி கேட்கிறாள்.
நாற்பதில் நிற்கிறது பேரம்.