கல்லாக் குறைவு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மூன்றாம் எண் கவுண்டர் என்னுடையது.
நேந்திரம்பழம், சுண்டவற்றல், பேபி சோப்பு,
பீப் பீப் என்று ஒரு மாதம் ஓடி
முப்பதாம் தேதி எனக்கும் ஒரு தாள் வந்தது.

வாயால் பேசியது பன்னிரண்டாயிரம்.
அடியில் நின்றது
பத்தாயிரத்து இருநூற்று எட்டு.

சாயா நேரத்தில்
உண்ணாமலைக்கடை ஜெர்லின் சுபிதாவும் நானும்
பில் ரோலில் ஒரு முழம் கிழித்து
பின்பக்கம் கழித்துப் பார்த்தோம்.
வருங்கால வைப்பு நிதி:
ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு.
"போச்சா?"
"போகல்ல பிள்ளே, ஒளிச்சு இருக்கு."
போனில் அவள் பாஸ்புக்கைத் திறந்தாள்.
அவளிடம் பிடித்தது ஒரு பக்கம்,
கடை தன் பங்குக்குப் போட்டது மறுபக்கம்,
அதிலும் பெரிய துண்டு பென்ஷனுக்கு.
பத்தொன்பது வயதில் பென்ஷன்!
சிரித்ததில் சாயா மூக்கில் ஏறியது.

இ.எஸ்.ஐ. தொண்ணூறு.
என் கடைவாய்ப் பல்லுக்கு இனி ஓர் அட்டை உண்டு.
சீருடை முந்நூற்று ஐம்பது,
கழுத்தில் அரிக்கிற இந்தப் பச்சைச் சட்டைக்கு.
பிறகு கடைசி வரி:
கல்லாக் குறைவு, பதினாலாம் தேதி, இருநூறு.

வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் வருவார்,
குழித்துறைப் பக்கம், பெயர் தெரியாது.
பில்லை வாங்கி நகராமல்
விரல் வைத்து வரிவரியாய் வாசிப்பார்.
வரிசை முணுமுணுக்கும்.
"ஒண்ணு நவுரும் ஓய்" என்று
நானும் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

மாடியேறினேன்.
கணக்கர் மேசையில் தாளை விரித்து
கடைசி வரியில் விரலை வைத்தேன்.
"பதினாலாம் தேதி நான் கவுண்டர்லயே இல்ல சார்,
குடோன்ல சீனி நிறுத்தேன்.
வருகைப் பதிவைப் பாருங்க."
குரல் நடுங்கியது. விரலை எடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் போட்டதாம்.
கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது என்று
கேட்க வந்தேன், கேட்கவில்லை.
பின்னால் இரண்டு பேர்
தங்கள் தாளோடு நின்றிருந்தார்கள்.
நிற்கட்டும்.

அடுத்த மாதத் தாளில்
'நிலுவை 200' ஏறியிருந்தது.
சட்டைக் காசுக்கு இன்னும்
பதில் வரவில்லை. விட்டுவிடவும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார்.
பில்லை அவர் பக்கமாகத் திருப்பி வைத்து
"பைய வாசியும்" என்றேன்.
விரல் ஒவ்வொரு வரியாய் இறங்கி
ஐந்தாவதில் நின்றது.

சுண்டவற்றலை
இரண்டு தடவை அடித்திருந்தேன்.