தவறுதல்

தனியாக ஓட்டிய மூன்றாம் நாள்
காலை ஏழு இருபதுக்கு
பொங்கோல் சாலையில் இடப்பக்கம் திரும்பவேண்டிய பேருந்தை
நேராக விட்டேன்.

நேராக என்றால் விரைவுச்சாலை.
நிறுத்தம் கிடையாது, பின்வாங்கல் கிடையாது,
இனி ஜாலான் காயுவில்தான் வெளியே வரலாம்.

மேல்தளத்தில் பதினெட்டு, கீழே முப்பத்தொன்று.
அத்தனை முகமும் ஒரே நொடியில்
கைபேசியிலிருந்து எழுந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.
மணியை அழுத்தினார்கள்.
அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.
நிற்கும் நிற்கும் என்று சிவப்பெழுத்து எரிய
நிற்காமல் போய்க்கொண்டிருந்தேன்.

இறந்தவரை
தவறிவிட்டார் என்கிறது என் மொழி.
கணக்கில் பிசகினாலும் அதே சொல்,
பரீட்சையில் விழுந்தாலும் அதே சொல்.
ஒன்பது வயதில் அப்பா தவறியபோது
என்ன தப்பு செய்தார் என்று கேட்டிருக்கிறேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.
பிறகு பத்தொன்பது வருஷம் ஒரு கிடங்கில்
ரசீதுகளுக்கு முத்திரை குத்தினேன்.
தவறவே முடியாத வேலை.
கிடங்கை மூடியிராவிட்டால்
இன்னும் குத்திக்கொண்டிருப்பேன்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஹலிம்:
"எங்கே போகிறீர்கள்?"
நாக்கில் மூன்று பொய் வரிசையில் நின்றன,
சாலைவேலை, லாரி, தலைசுற்றல்.
திருப்பத்தை விட்டுவிட்டேன் என்றேன்.
ஆங்கிலத்தில்தான் சொன்னேன்,
எனக்குக் கேட்டது தமிழில்:
தவறிவிட்டேன்.

சொன்ன பிறகும் ஸ்டீயரிங் கையில் இருந்தது.
ஏசி ஓடியது.
"ஓகே. மெதுவாக வாருங்கள்" என்றார் ஹலிம்,
யாரோ குடையை மறந்துவிட்ட மாதிரி.

புரோட்டாக் கடைகளைத் தாண்டி
வந்த முதல் நிறுத்தத்தில்
ஒரு பெரியவர் மட்டும் நன்றி சொல்லி இறங்கினார்,
பசியோடு.
பள்ளிச் சீருடையில் ஒருத்தி
"ஆன்ட்டி, எட்டு மணிக்கு டெஸ்ட்" என்றாள்.
அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.
இன்றும் இல்லை.

விடுமுறை நாளில்
அதே பேருந்தில் பயணியாக ஏறி
மேல்தளத்து முன் இருக்கையில் உட்கார்ந்தேன்.
நான்காவது சிக்னலில் திரும்பு,
அப்படித்தான் மனப்பாடம் செய்திருந்தேன்.
எண்ணிப் பார்த்தேன். ஏழு சிக்னல்.
பயிற்சி நாட்களில் சிவப்பில் நின்றவற்றை மட்டும்
எண்ணியிருக்கிறேன்.
அன்று காலை எல்லாமே பச்சை.

சிரித்துவிட்டேன்.
பக்கத்திலிருந்தவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.
திருப்பத்துக்கு முன்னால் ஒரு நடைபாலம்,
அதன் விளிம்பில் காகிதப்பூத் தொட்டிகள்,
கடைசித் தொட்டியில் மட்டும் வெள்ளை.
இவ்வளவு பெரிய வெள்ளையை
எப்படிப் பார்க்காமல் போனேன்?

வெட்டிவிட்டால் என்ன செய்வாய் என்கிறது பயம்.
வெட்டட்டும்,
பாலத்தை வெட்டமாட்டார்கள்.

அந்தச் சீருடைக்காரி இப்போதும் வருகிறாள்.
அட்டையைத் தட்டுகிறாள், என்னைப் பார்க்கிறாள்,
வாசலோரம் நிற்கிறாள்.
பாலம் நெருங்கும்போது
காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிடுகிறாள்.
நான் இடப்பக்க விளக்கைப் போடுகிறேன்.
டிக் டிக் டிக் என்று அது துடிக்க
இருவருமாகத் திரும்புகிறோம்.