ஆடுகிற குதிரை

ரெயின்கோட்டில் சுற்றிக் கொண்டுவந்து
மேசையில் கிடத்தினான் ரோய்டன் ராகல்.
"கையைப் பிடிச்சு ஒருக்கா ஆட்டினா
மறுகா சுருதிக்கு வராது மச்சான்."

நான் போன் திருத்துகிறவன்.
பார் வீதியில் மிகச் சின்னத் திருப்புளி
என்னிடம்தான் இருக்கிறது, அவ்வளவுதான்.

பின்மூடியைக் கழற்றினேன்.
ஐந்து ஸ்பிரிங்கும் பல்லைக் கடித்தபடி.
இரும்புக் கட்டைக்கும் மரத்துக்கும் நடுவே
நீலப் பாட்டாச் செருப்பில் வெட்டிய துண்டு.
"இதை ஆர் வெச்ச?"
"ஒரு கலியாணத்தில, அவசரத்துக்கு.
அந்த மாப்பிள்ளைக்கு இப்ப மூணு பிள்ளை."

செருப்பைக் குப்பையில் போட்டேன்.

குதிரையின் முன்வரிசையில் ஆறு ஆணி.
ஆறையும் இறுக்கினால் அது நொண்டும்.
ஓரத்து இரண்டை மட்டும்
தகடு குதி தூக்கும்வரை இறக்கி
கால் சுற்று திரும்பி வந்தேன்.
நடு நாலும் தொடாமல் நிற்கட்டும்,
கலியாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி.

சேணங்களின் உயர ஆணியில் உப்புக்காற்றின் துரு.
ஒன்றரை மில்லிமீட்டர்ச் சாவி நுழையவில்லை.
அங்குலத்தில் பிறந்த கிட்டார்.
சாவியை அரத்தில் தேய்த்துத் தேய்த்து
கடை பூட்டும் நேரமாயிற்று.

மூன்று ஸ்பிரிங் போதும்.
கொக்கியைக் கொஞ்சம் தளர்த்தி, சுருதி கூட்டி,
மறுகா தளர்த்தி, மறுகா கூட்டி,
சிம் கழற்றிய வெற்று அட்டை நாலு
அடுக்கி நுழைகிற இடைவெளியில்
வால் மிதந்தது.
வடசேரியும் தென்சேரியும் இழுக்கிற இழுவை,
ஆனால் கொம்பு முறியாது.

பன்னிரண்டாம் கட்டத்தில்
தொட்டால் ஒரு குரல், அழுத்தினால் சற்றே கூடிய குரல்.
சேணத்தை மயிரளவு பின்னுக்கு இழுத்தேன்.
இரண்டும் ஒன்றாயின.
ரோய்டன் கையை அமுக்கினான், விட்டான்.
போன சுருதி வீட்டுக்கு வந்தது.
காசு வேண்டாம் என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு.

சனிக்கிழமை, சின்ன உப்போடையில் கலியாணம்.
மூன்றாவது பாட்டில் மெல்லிய தந்தி அறுந்தது.
ஒருபக்கம் கை நழுவ, ஸ்பிரிங் வென்றது.
மிச்சம் ஐந்தும் ஒன்றாய் மேலே ஏறிக் கத்தின.
ட்ரம்ஸ் யூஜின் குச்சியைத் தூக்கியபடி நின்றான்.
ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த என்னை
மேடை முழுவதும் பார்த்தது.

அந்தப் பழைய அவசரம் என்னவென்று
அப்போதுதான் விளங்கியது.

"செருப்புத் துண்டு எங்க?"

சட்டைப்பையில் அட்டைகள் கிடந்தன.
நாலையும் அடுக்கி வாலுக்கடியில் செருகினேன்.
ஐந்து தந்தியும் இறங்கி வந்தன.

அன்றிரவு முழுக்க
குதிரை ஆடவில்லை.
மற்ற எல்லாரும் ஆடினார்கள்.