பன்னிரண்டாம் மாதத்து அழைப்பு

ஒரே இரவில் வந்தார்கள் இருவரும்.
புந்தா அரேனாஸில் அது
காலை பத்துக்குத்தான் விடிகிற ஜூலை.

டிராகோ பெரிசிச், ரொட்டிச் சூளைக்காரர்,
மாவு அப்பிய கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
கத்திக்கொண்டே வந்தார்.
வலி தொடங்கி ஐம்பது நிமிடம்.

நொல்பெர்தோ கார்க்கமோ, நண்டுப் படகுக்காரர்,
நடந்தே வந்தார்.
வலியா, அதெல்லாம் இல்லை என்றார்.
நேற்று மதியத்திலிருந்து வேர்க்கிறது,
படகின் ஏணி ஏற முடியவில்லை,
தின்ற நண்டு கெட்டுப்போனதாக இருக்கும்.
பதினேழு வருடச் சர்க்கரை
அவர் நரம்புகளின் நாக்கை
எப்போதோ அறுத்துவிட்டிருந்தது.

அதே மருத்துவர். அதே மேசை.
ஒரே பெட்டியிலிருந்து எடுத்த
பதினெட்டு மில்லிமீட்டர் ஸ்டென்ட்
ஆளுக்கொன்று.
டிராகோவுக்கு ஓரிடத்தில் அடைப்பு;
திறந்ததும் ரத்தம் பாய்ந்தது.
நொல்பெர்தோவுக்கோ
ஆறு நெடுகிலும் மணல் தட்டிக் கிடந்தது.
படகு நின்ற இடத்தை மட்டும்
தூர்வாரிவிட்டு வந்தோம்.

விடிந்தபோது பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.
யாரோ ஒளித்துக் கொண்டுவந்த மாத்தேயை
ஒரே குழலில் மாறி மாறி உறிஞ்சினார்கள்.
நான் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
துடைக்க எதுவும் இல்லாத ஜன்னலை.

என் வேலை அதற்குப் பிறகுதான்.
"யாஸ்னா பேசுகிறேன், மருத்துவமனையிலிருந்து."
முப்பதாம் நாள். ஆறாம் மாதம். பன்னிரண்டாம் மாதம்.
படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
சர்க்கரை நோய், உண்டு, இல்லை.
ஒரு டிக் போடும் இடம்.
படகில் உறைந்துபோன இன்சுலினும்
செருப்புக்குள் தெரியாமலே ஆறாத புண்ணும்
அதற்குள் அடங்கிவிட வேண்டும்.

முப்பதாம் நாள்
டிராகோ சூளைக்குத் திரும்பியிருந்தார்.
"பக்கத்துக் கட்டில்காரன் எப்படி இருக்கிறான்?"
மற்றவர் விவரம் சொல்லக் கூடாது, ஐயா.
"என் மாத்தே குழலை எடுத்துப் போய்விட்டான்,
அதற்காகத்தான் கேட்கிறேன்."
நொல்பெர்தோ சொன்னார்:
எல்லாம் சுகம்,
மாடிப்படிதான் கொஞ்சம் நீண்டுபோச்சு.

ஜனவரி. தெருமுனைகளில்
ஆளைத் தூக்கும் காற்றுக்குக் கயிறு கட்டியிருந்தார்கள்.
அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே
தொலைபேசிக்குக் காத்திராமல் நேரில் வந்தார்.
வைத்த இடமே மறுபடி சுருங்கியிருந்தது.
வலைக்குள் ஒரு வலை இறக்கினோம்.
"கந்தலுக்கு ஒட்டு" என்று சிரித்தார்.
ஊசியில் ஏற்றிய சாயத்தை வெளியேற்ற
சிறுநீரகத்துக்கு ஐந்து நாள் ஆனது.
அவர் அப்போது சிரிக்கவில்லை.

மறுபடியும் ஜூலை.
தங்கை எடுத்தாள்.
"மே மாதம். தூக்கத்திலேயே.
வலியே தெரியாமல் போனான்,
அந்த மட்டுக்கும் கடவுள் கருணை."
ஆமாம் என்றேன்.
பேனாவை மூடி, திறந்து, மூடினேன்.
அந்த வலி
ஒரே ஒருமுறை
முதல் நாள் மதியம்
அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கக் கூடாதா.

அடுத்த எண்.
நெஞ்சுவலி? இல்லை.
மறுபடி அனுமதி? இல்லை.
மாத்திரை? ஞாயிறு மட்டும் மறந்துபோகும்.
இனி அவர் கேட்பார் என்று காத்திருந்தேன்.
அந்தப் பக்கம் யாரோ
தட்டுகளை அடுக்கும் சத்தம்.

"அந்தக் குழலை
அவனே வைத்துக்கொள்ளட்டும்" என்றார் டிராகோ.
"சொல்லிவிடு."

சொல்கிறேன் என்றேன்.