இடது கை மனு

மனுதாரர்: தேசிங்கு, த/பெ எத்திராசு.
தொழில், காசிமேட்டில் ஐஸ் உடைப்பது.
தற்சமயம் புழல், மத்திய சிறை இரண்டு.
வக்கீல் என்ற இடத்தில் கோடு போட்டேன்.
கோடு கூடாது, "நேரில் தானே" என்று எழுது
என்றான் பக்கத்துப் பாய் ஏசுபாதம்,
மூன்று மனு போட்டு மூன்றிலும் தோற்றவன்.

எதிர்மனுதாரர் என்ற சொல்லை எழுத
ஒரு பகல் போனது.
அவர்களுக்கு எதிரே
நான் உட்கார்ந்ததுகூட இல்லை அதுவரை.

விவரம்:
ஸ்டேஷன் கக்கூசில் நான் வழுக்கி விழவில்லை.
எழுதிவைத்திருக்கிறார்கள், விழுந்தேன் என்று.
ஈரமே இல்லாமல் வழுக்குகிற தரை அது.
பதினாறு வருஷம் ஐஸ் பார் மேல் நின்றவன் ஐயா நான்.
மீன் செதிலும் டீசலும் உப்புத்தண்ணியும் ஓடும் தளத்தில்
வெறுங்காலோடு.
ஒரு நாள் கால் வாரியதில்லை.

வலது மணிக்கட்டு.
தை மாசம் ஸ்டான்லியில் மாவுக்கட்டு.
பிரிக்க வரச்சொன்ன தேதியில்
வழிக்காவல் இல்லை.
மறுவாரம் மந்திரி பந்தோபஸ்து,
வழிக்காவல் இல்லை.
அப்புறம் திருவொற்றியூர் மாசித் தேர்.
கட்டுக்குள் எறும்பு போய் வந்தது.
எலும்பு தன் பாட்டுக்குக் கோணலாய்ச் சேர்ந்துகொண்டது,
காவல் எதுவும் கேட்காமல்.

ஆகவே இடது கையால் எழுதுகிறேன்.

முதல் மனு பாரிமுனை வரை போய்
பதினெட்டாம் நாள் திரும்பி வந்தது:
வாசிக்கத் தக்கதாக இல்லை. ஓரம் விடவில்லை.
பிரதி இரண்டு குறைவு.

ஏசுபாதம் தானே எழுதித் தருவதாகச் சொன்னான்.
கல்யாணப் பத்திரிகை மாதிரி கையெழுத்து அவனுக்கு.
வேண்டாம் என்றேன்.

மறுபடி எழுதினேன். நாலு விரல் அகலம் ஓரம் விட்டேன்.
எல்லா எழுத்தும் அடங்கி நின்றது.
"புழல்" என்கிற ஒவ்வொரு தடவையும்
ழ-வின் வால் மட்டும்
ஓரத்தைத் தாண்டிப் போகிறது.
மன்னிக்கவும்.

ஆவணப் பட்டியல்.
ஒன்று: இந்தக் கையெழுத்து.
இரண்டு: இல்லை.

வேண்டுகை.
இதற்கு ஏசுபாதம் சொன்ன வாசகம் ஆறு வரி,
"பிற தக்க உத்தரவுகளும்" என்று முடியும்.
எனக்கு அவ்வளவு இல்லை.
மறுபடி உடைத்துத்தான் சேர்க்கணும் என்கிறார் ஜெயில் டாக்டர்.
உடைக்கட்டும்.
இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் உடைக்கட்டும், ஐயா.

பிரதி மூன்று.
கார்பன் தாள் கேட்டேன், கிடைக்கவில்லை.
மூன்றும் இதே கை.