அழிறப்பர்

புதன் பின்னேரம். பிள்ளைகள் இல்லாத வகுப்பில்
பிள்ளைகளின் கதிரைகளில் குந்தியிருக்கிறோம்,
முழங்கால் மேசையில் இடிக்க.
ஏஷ்லிமன் படிவங்களை நீட்டுகிறார்:
மூன்று செயலிகள், பதினெட்டுக் கேள்விகள்,
ஒன்றிலிருந்து ஐந்துவரை புள்ளி.
சன்னலுக்கு வெளியே தூன் ஏரி
எந்தப் புள்ளியும் வேண்டாமல் கிடக்கிறது.

முதலாவதை விலக்க நேரம் எடுக்கவில்லை.
ஜெர்மனியில் செய்தது.
தெரு என்று பிள்ளைகள் எழுதிய இடமெல்லாம்
சிவப்புக் கோடு கீறி வைத்தது.
இங்கே தெருவுக்கு இரண்டு எஸ்,
எல்லைக்கு அங்கால் வேறொரு எழுத்து.
"எங்கள் தெருவே பிழையாம்" என்று சிரித்தாள் ரேகுலா.
நான் சிரிக்க ஒரு கணம் பிந்தினேன்.
என் பெயருக்கும் கோடு போட்டிருந்தது அது,
பகீரதி என்று ஒருத்தி இருக்கவே முடியாதாம்.
பதிலுக்கு மூன்று பெயர்கள் சிபாரிசு செய்தது.
ஒன்று இருமல் மருந்து.

இரண்டாவது லெவினுக்குப் பிடித்தது.
எழுத்துகள் எறும்பாய் ஓடும் அவன் கண்ணுக்கு.
இது அவன் எழுதியதை அவனுக்கே வாசித்துக் காட்டும்.
ஒரு வசனத்தை ஏழு தரம் கேட்டான்;
ஏழாம் தரம், யாரும் சொல்லாமல்,
ஒரு முற்றுப்புள்ளியைத் தேடிப்பிடித்து வைத்தான்.
அதற்குப் படிவத்தில் பெட்டி இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: முற்றுப்புள்ளி.
ஏஷ்லிமன் எட்டிப் பார்த்து
"விலையைப் பார்த்தீர்களா?" என்றார்.

மூன்றாவதுதான் எல்லோருக்கும் விருப்பம்.
வேகம். மலிவு. தரவுகள் நாட்டுக்குள்ளேயே.
இன்னொன்றும் உண்டு, விற்க வந்த பொடியன்
குரலைத் தாழ்த்திச் சொன்னது:
ஒவ்வொரு தட்டலையும் அது நினைவில் வைக்கும்.
பொத்தானை அமத்தினால்
கட்டுரை தன்னை முதலிலிருந்து எழுதிக் காட்டும்,
தயங்கிய இடம், திருத்திய இடம், எல்லாம்.
பிள்ளை யோசிப்பதையே பார்க்கலாம், என்றான்.
நானும் மயங்கினேன், மறைக்கவில்லை.
பதினோராம் கேள்விக்கு ஐந்து போட்டேன்.

பிறகு பிளேர்தாவின் கட்டுரையைத் திறந்தேன்.
எனது ஞாயிற்றுக்கிழமை. தலைப்பு நான் கொடுத்ததுதான்.
ஆறு வரி. கப்பல், ஐஸ்கிரீம், அன்னம்.
பிழை ஒன்றுமில்லை.
பொத்தானை அமத்தினேன்.

அப்பா இந்த முறையும் வ

நின்றது.
கடைசியிலிருந்து ஒவ்வொன்றாய் உதிர்ந்தது.

அப்பா இந்த முறை

உதிர்ந்தது.

அப்பா வருவார் என்று சப்பாத்தோடு படுத்தேன்.

இது முழுதாய் இருந்தது, முற்றுப்புள்ளியோடு,
நாற்பது செக்கன்.
திரையின் அடியில் எண் ஓடியது.
பிறகு அதுவும் போய்
கப்பல் வந்தது. ஐஸ்கிரீம் வந்தது.
அன்னம்.

தட்டாமல் கதவைத் திறந்துவிட்டவள் மாதிரி
மூடினேன்.
பென்சிலால் எழுதியிருந்தால்
இது றப்பர் தூளாய் மேசையில் கிடந்திருக்கும்.
ஊதினால் நிலத்தில்,
ஆறு மணிக்குக் கூட்ட வருபவரின் வாளியில்.
அதை வாசிக்க எனக்குச் சம்பளம் இல்லை.

"இதை நிறுத்தி வைக்க முடியுமா?"
"முடியும். ஆனால் அதுதானே இதன் சிறப்பு."
ரேகுலா என்னையே பார்த்தாள்:
"ஒரு பிள்ளைக்கு உதவி தேவையென்றால்
நமக்குத் தெரிய வேண்டாமா?"
வேண்டும்.
அவள் சொன்னது சரி என்பதுதான்
இரவு முழுக்க என்னோடு பேருந்தில் வந்தது,
சோற்றுக் கோப்பையில் இருந்தது.

பதினோராம் கேள்வியின் ஐந்தை அழித்தேன்.
லெவினின் மேசையில் கிடந்த பாதி றப்பர்.
காகிதம் சுருங்கியது, நான் அழுத்தி எழுதுகிறவள்,
ஐந்தின் தழும்பு போகவில்லை.
அதன்மேல் வேறு எண் எழுதாமல் நீட்டினேன்.
"ஒன்று காலியாக இருக்கிறதே" என்றார் ஏஷ்லிமன்.
ஓம் என்றேன்.

வியாழன் காலை, வாசலில்
பிளேர்தா குனிந்து சப்பாத்தின் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்,
வகுப்புச் செருப்பு பக்கத்தில் காத்திருந்தது.
"என்ர கட்டுரை வாசித்தீங்களா?"
பக்கத்தில் குந்தினேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது,
நகம் போகவில்லை.
"வாசித்தேன்" என்றேன்.
"அன்னம் நல்லாயிருந்தது."