முப்பத்தொன்றாவது கேள்வி

கானாடுகாத்தானில் இரவு பதினொன்றரை.
ஆறாம் அறைப் பிரெஞ்சுத் தம்பதி கதவடைத்துவிட்டார்கள்.
ஏசிக் குழாயில் சொட்டும் தண்ணீர்
ஆத்தங்குடித் தரையில்
ஒரே ஒரு பூவை மட்டும் கழுவிக்கொண்டிருக்கிறது.

காலை பத்தரைக்கு எனக்கு நேர்காணல்.
முப்பது கேள்விகள், ஜாவாஸ்கிரிப்ட்,
காரைக்குடியில் பக்கம் இரண்டு ரூபாய்க்கு அச்செடுத்த தாள்.
அதைப் பிடித்தபடி எதிர் நாற்காலியில் சேவுகன்.
இன்னோவா ஓட்டுகிறவன்,
மதுரை விமானத்துக்கு நாலு மணிக்குக் கிளம்ப வேண்டியவன்.
இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிப்பான்,
விடை சரியா தப்பா, தெரியாது.
"அது ஒன் பாடு. நான் ஹாரன் மட்டும் அடிக்கிறேன்."

ஹாய்ஸ்டிங்?
பஸ் நிற்குமுன் ஜன்னல் வழியே துண்டு போடுவது, என்றேன்.
இடம் பிடித்தாயிற்று, ஆள் இன்னும் ஏறவில்லை.
வார் போட்ட துண்டைத் தொட்டுப் பார்க்கலாம்,
அன்டிஃபைன்ட் என்று வரும்.
லெட்டும் துண்டு போடும்,
ஆனால் ஆள் வருமுன் தொட்டால் சண்டை.
"இத அப்படியே சொல்லிராத," என்றான்.
"பெங்களூர்க்காரனுக்குத் துண்டு தெரியாது."

கான்ஸ்ட்:
பெயரை அவிழ்த்து வேறொன்றில் கட்ட முடியாது,
உள்ளே இருப்பதை மாற்றலாம்.
சொல்லும்போது கண் எதிர்வீட்டுக்குப் போனது.
பதினேழு புள்ளிக்குச் சொந்தம். விற்க ஒருவர் ஒப்பவில்லை.
போன மாதமும் ஒரு நிலைக்கதவு லாரியேறிப்
பழம்பொருள் கடைக்குப் போயிற்று.
கதவிலக்கம் அதேதான்.

குளோஷரில் மனப்பாடமாக ஓடினேன்.
ஒரு ஃபங்ஷன், தான் பிறந்த இடத்து மாறிகளை,
அந்த இடம் முடிந்துபோன பின்னும்...
"நில்லு. இங்க கிளட்ச் மிதிச்ச."
சரியாத்தானே சொன்னேன்?
"சரியா இருக்கலாம். வண்டி ஒன்னோடது இல்ல."

மறுபடி தொடங்கினேன்.
புதுவயல் ஆலையில் ரசீது எழுதினேன், கல்லூரி முடித்த வருஷம்.
ஆலையை இடித்துவிட்டார்கள்.
கடைசி ரசீது எண் 4418.
இன்றைக்கு யாராவது மூட்டை இறக்கினால்
இந்தக் கை 4419 என்றுதான் எழுதும்.
வேறு யாராலும் அந்த எண்ணை எட்டித் தொட முடியாது.
சேவுகன் தலையாட்டவில்லை. அடுத்த கேள்விக்குப் போனான்.

செட் டைம்அவுட், பூஜ்யம்.
"பூஜ்யம்னா ஒடனேதான?"
இல்லை. கையிலிருக்கும் வேலை முடியட்டும்.
டீக்கடையில் 'இந்தா வந்துட்டேன்' என்பார்களே...
ஆறாம் அறையிலிருந்து மணி.
வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் எடுத்தேன்.
வெந்நீர் வேண்டுமாம்.

திரும்பி வந்தபோது தாளில் திஸ்.
"திஸ்னா இது. இதெல்லாம் ஒரு கேள்வியா?"
யார் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது, சேவுகா.
வீட்டில் காளி.
சம்பளப் பதிவேட்டில் எஸ். காளீஸ்வரி.
ஆறாம் அறைக்காரருக்கு நாக்கு புரளாமல் காலி.
மூன்றுக்கும் திரும்பிப் பார்க்கிறேன்.

முப்பதும் முடிந்தது.
தாளின் கீழிருந்த பயோடேட்டாவை எடுத்து
விளக்குக்கு நேரே பிடித்தான்.
"இருபத்தொண்ணுக்கும் இருபத்திமூணுக்கும் நடுவுல
ஒண்ணுமே இல்லையே. கேக்க மாட்டானா?"

நாலாவது கேள்விக்கு நானே சொல்லியிருந்தேன்:
யாரும் எதையும் வைக்காத இடம் அன்டிஃபைன்ட்.
இங்கே ஒன்றுமில்லை என்று
ஒருவர் தெரிந்தே வைத்தது நல்.

அது நல், என்றேன்.
தேவகோட்டையில் ஒரு வாடகை வீடு.
கழற்றிக் கொடுத்த தாலி, நாலு கிராம்.
காவல் நிலையத்தில் மனு ரசீது ஒன்று,
அதற்கும் எண் உண்டு, அதை மட்டும் மறந்துவிட்டேன்.
வைத்தவள் நான்தான்.

ஏசி சொட்டியது.
"கிளட்ச் மிதிக்கல," என்றான் கடைசியில்.
என் பேனாவை வாங்கி
முப்பதுக்குக் கீழே 31 என்று எண் மட்டும் போட்டு,
எதிரே எதுவும் எழுதாமல்
தாளை நாலாக மடித்துக் கொடுத்தான்.

மறுபடி மணி.
"காலி?" என்றது குரல், கரகரப்பாக.

இருக்கேன், என்றேன், தமிழில்.